முப்பத்து மூன்று அடுக்கு

தெமோதரை
12.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அங்க நீங்க, நிமலன் அண்ணன், அண்ணி எல்லாரும் எப்படி? வவுனியா வெயில் உங்களுக்கு ஒத்துக்கிச்சா? நேத்து அண்ணனுக்கு போன் எடுத்து உங்ககிட்ட குடுக்கச் சொன்னேன். நான் கத்தின கத்துல பக்கத்து காம்பரா வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க. நீங்க "ஆ? ஆ?"ன்னு கேட்டுட்டு வெச்சிட்டீங்க. தேயிலை ஸ்டோர்ல ரோலர் மிஷினுக்குப் பக்கத்துல முப்பத்தொரு வருஷம் நின்ன காதை நான் என்ன சொல்ல. இனிமே கடிதமே எழுதுறேன்.

அண்ணன் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியாச்சா? நீங்க போய் மூணு மாசம் ஆகுது. மேசனை வேலை செய்ய விடுங்கப்பா, பக்கத்துல நின்னு அதிகாரம் பண்ணாதீங்க.

பேக்கரி கோர்ஸ்ல என்கூடப் படிச்ச ஷம்ராவை ஞாபகம் இருக்கா? பதுளையில அவ வாப்பா லத்தீப் நானாவோட கடைக்குப் பின்னாடி ஒரு அறையில அடுப்பு வெச்சிருக்கா. நானும் போய்ச் சேர்ந்து கேக் போடுவோம். இப்ப ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கு. மே மாசம் எல்ல பக்கம் ஒரு ஹோட்டல்ல கல்யாணம். மூணு தட்டு கேக், ஒவ்வொரு தட்டுலயும் பதினொரு அடுக்கு. மேல வெள்ளையில தொடங்கி, கீழ போகப் போக கித்துள் மரத்துக் கருப்பட்டி நிறம் கூடிக்கிட்டே வரணும். வெட்டினா பதினொரு கோடும் ஒரே அளவா தெரியணுமாம். மொத்தம் முப்பத்து மூணு அடுக்கு! பதுளையில இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்லைன்னு ஷம்ரா சொல்றா. அவ சொல்றது எவ்வளவு உண்மைன்னு தெரியாது, ஆனா கேக்க நல்லா இருக்கு.

ஆபிஸ் பக்கம் புதுசா ஒண்ணும் இல்ல. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு. பொங்கலுக்கு நீங்க இல்லாதது ஒரு மாதிரி இருக்கு.

உங்கள் மகள்
விதுஷா


வவுனியா
30.01.2025

செல்ல மகள் விதுஷாவுக்கு அப்பா இராசையா எழுதுவது.

இங்கு நாங்கள் மூவரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தது. போனை விட இதுதான் நல்லது. போனில் பேசினால் வெச்சதும் முடிஞ்சிடும், இதைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம்.

அத்திவாரம் போட்டாச்சு. மேசன் நல்ல மனுஷன். ஆனால் மட்டம் பார்க்காமல் கல் வைப்பான். நான் நிற்காவிட்டால் வீடு குளத்துப் பக்கம் சாய்ந்துவிடும்.

இங்கு எல்லோருக்கும் உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "என் மகள் தோட்டத்து ஆபிஸில் கிளார்க். எங்க லயத்து வீடுகளில் இருந்து அந்த ஆபிஸுக்குள் மேசை போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவதான்" என்று சொன்னேன். எதிர்வீட்டு மாஸ்டர் கை கொடுத்தார். நான் அந்த ஆபிஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் முப்பத்தொரு வருஷமும் பேசியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியுமா.

ஞாயிற்றுக்கிழமையில் சிநேகிதியோடு கேக் போடுவது சரி. பொழுது போகும். ஆபிஸ் வேலைக்கு இடைஞ்சல் வரக்கூடாது. புது கம்ப்யூட்டர் வந்துவிட்டதா? தோட்டத்துப் பெரிய தொரை லீவில் போனவர் திரும்பிவிட்டாரா? எழுது.

அன்புடன் அப்பா


தெமோதரை
20.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதத்தை அம்மாவுக்கு ரெண்டு தரம் வாசிச்சேன். குளத்துப் பக்கம் சாயுற வீட்டைக் கேட்டுச் சிரிச்சாங்க. ரெண்டு பேரும் சுகம். உங்களுக்கு இருமல் இருக்குன்னு அண்ணி சொன்னாங்க. கொத்தமல்லி போட்டுக் குடிங்க.

அப்பா, நாங்க முதல் தடவையா பதினொரு அடுக்கு வெச்சுப் பாத்தோம். சாயுறதுன்னா என்னன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு. கருப்பட்டி கூடின மா பாரமா இருக்கு, அது வேகும்போது எழும்பாது. வெள்ளை அடுக்கு புசுபுசுன்னு எழும்பிடுது. ஒரே அளவு மா ஊத்தினா ஒண்ணு தடிப்பு, ஒண்ணு அப்பளம். ஏழாவது அடுக்கு வெச்சதும் மொத்தமும் மெதுவா ஒரு பக்கமா நகர ஆரம்பிச்சிச்சு. ஷம்ரா கையை விரிச்சு அதைக் கட்டிப் புடிச்சா. ஐசிங் எல்லாம் அவ அபாயாவுல. "புள்ள, போட்டோ எடுக்காத, சொல்லிட்டேன்"ன்னா. நான் எடுத்துட்டேன்.

சாஞ்ச கேக்கை துண்டு போட்டு அம்மா காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்குக் கொண்டு போய் எல்லாருக்கும் குடுத்தாங்க. "கோணலா இருந்தா என்னடி, வாய்க்குக் கோணல் தெரியுமா"ன்னு வந்து சொன்னாங்க. ஆனா எங்களுக்குத் தெரியுதேப்பா.

இப்ப நான் ஒரு கொப்பியில ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை கிராம் மா, எத்தனை நிமிஷம்னு எழுதி வெச்சு வர்றேன். ஷம்ராவுக்கு கைதான் கணக்கு. எனக்குக் கொப்பி வேணும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாதான் ஒரு ஆள்னு அவ உம்மா சொல்றாங்க.

பெரிய தொரை திரும்பிட்டார்னு சொன்னாங்க. வேற விசேஷம் இல்ல.

உங்கள் மகள்
விதுஷா


வவுனியா
09.03.2025

மகள் விதுஷாவுக்கு,

நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. உன் சுகமும் அம்மாவின் சுகமும் அறிய ஆசை.

சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஸ்டோரில் நான் வேலை செய்த வருஷங்களுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்று ஆபிஸுக்கு எழுதியிருந்தேன். போன கிழமை வந்தது. கீழே கையெழுத்து வைத்திருந்த கிளார்க்கின் எழுத்து சுத்தமாக இருந்தது.

பெரிய தொரை திரும்பிவிட்டார் என்று "சொன்னாங்க" என்று எழுதியிருக்கிறாய். சரி.

கேக் விஷயம் எழுதும்போது உன் எழுத்து பெரிதாகிறது. மற்றதெல்லாம் சின்ன எழுத்து. எனக்குக் காதுதான் மந்தம். கண் நன்றாகத் தெரிகிறது. ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

அப்பா


தெமோதரை
28.03.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்க சுகம். நீங்களும் சுகமா இருக்கணும்னு மாரியம்மனை வேண்டிக்கிட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்குறேன். நாலு நாளா எழுதி எழுதி வெச்சேன்.

நான் நவம்பர் மாசமே ஆபிஸ் வேலையை விட்டுட்டேன் அப்பா.

நீங்க வவுனியா போய் அஞ்சாவது கிழமை. யாரும் விரட்டல. யாரும் ஒரு சொல்லும் சொல்லல. நானாத்தான் எழுதிக் குடுத்தேன். உங்களுக்கு வந்த கடிதத்துல இருந்தது என் எடத்துக்கு வந்த பிள்ளையோட கையெழுத்து. அதைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் நீங்க கேக்காததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திச்சு.

அந்த மேசையில நான் மூணு வருஷம் உக்காந்தேன். சாயந்தரம் வீட்டுக்கு வந்தா, இன்னைக்கு என்ன செஞ்சேன்னு கேட்டா சொல்ல ஒண்ணும் இருக்காது. ஷம்ராவோட அறையில நின்னுட்டு வந்தா கால் ரெண்டும் கடுக்கும், ஆனா சொல்லி முடியாது. அந்த மேசையில உங்களுக்காக உக்காந்தேன். இது எனக்காக. இப்படி எழுதுறது துடுக்கா இருந்தா மன்னிச்சிடுங்க.

இந்த மாசம் நோன்பு. ஷம்ரா பகல் முழுக்க தண்ணி கூட குடிக்காம அடுப்புக்கு முன்னால நிக்கிறா. ருசி பாக்க முடியாது. நான் ஒவ்வொண்ணா வாயில போட்டுச் சொல்லணும். "கருப்பட்டி எப்படி ஈக்கி? ஏலம் தூக்கலா? ஒழுங்கா சொல்லு, ஓன் நாக்கை நம்பித்தான் நான் இரிக்கேன்"ம்பா. என்னை ஒருத்தர் அப்படி நம்பி நின்னது முதல் தடவை. முந்தாநாள் பதினொரு அடுக்கும் நேரா நின்னிச்சு அப்பா. அடிமட்டக்கோல் வெச்சுப் பாத்தேன். ஒவ்வொண்ணும் ஒரே அளவு. நோன்பு திறக்கிற நேரம் அவ முதல்ல ஈத்தம்பழம், அடுத்தது அந்தக் கேக்குல ஒரு துண்டு சாப்பிட்டா. என் கையைப் புடிச்சுக்கிட்டா.

கோபமா இருந்தாலும் பதில் போடுங்க.

விதுஷா


தெமோதரை
25.04.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க சுகத்தை அண்ணன்கிட்ட போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிறேன். கூரை வேலை நடக்குதாம். நாங்க சுகம். வருஷப் பிறப்புக்கு உங்க வேட்டியை அம்மா எடுத்து மடிச்சு, திரும்ப வெச்சாங்க.

போன தடவை எழுதி நாலு கிழமை ஆச்சு. தபால் தவறியிருக்குமோன்னு நினைச்சேன். அண்ணன் கடிதம் வந்திச்சுன்னு சொன்னாரு.

ஹோட்டல்ல இருந்து மேனேஜர் பேசினாரு. கேக்கைப் பின் கேட் வழியா கொண்டு வரணுமாம். ஆளுங்க வர முன்னாடி வெச்சிட்டுப் போயிடணுமாம். யார் செஞ்சதுன்னு வெளியில சொல்லக் கூடாது, ஹோட்டல் கிச்சன்ல செஞ்சதாத்தான் இருக்கணுமாம். ஷம்ராவுக்கு முகம் சிவந்து போச்சு. நான்தான் "பரவால்ல, முதல் பெரிய ஆர்டர், ஒத்துக்கலாம்"னு சொன்னேன்.

ஒரு வரி போதும். எழுதுங்க.

விதுஷா


தெமோதரை
03.05.2025

நிமலன் அப்பாவுக்கு ரெங்கம்மா எழுதுறது.

நான் சொகம். நீங்களும் சொகமா இருக்கணும். எனக்கு எழுத்து நல்லா வராது. தெரிஞ்சதே.

வேலய விட்டத ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னது நான்தான். ஒங்க மனசு ஒடஞ்சிரும்னு பயந்தேன். புள்ள சொல்றேன்னுதான் சொல்லிச்சு. கோவம் இருந்தா எங்கிட்ட காட்டுங்க.

நான் ஒரு நா பதுள போய் அதுக ரெண்டும் வேல செய்றத பாத்துட்டு வந்தேன். ஒண்ணு கேக்கும் முன்ன மத்தது எடுத்து நீட்டுது. நான் முப்பது வருசம் மலயில கொழுந்து எடுக்க நெர புடிச்சவ. நல்ல வேலக்காரி யாருன்னு எனக்கு தெரியும்.

வாய தொறங்க.

ரெங்கம்மா


வவுனியா
12.05.2025

விதுஷாவுக்கு,

சுகம். அம்மாவுக்குச் சொல்லு, அவள் கடிதம் கிடைத்தது என்று.

உனக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன். இது நாலாவது. எனக்குக் கோபம் வேலையை விட்டதில் பாதி. ஊரெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிய, நீ பார்த்துக்கொண்டு இருந்ததில் பாதி. எதிர்வீட்டு மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது ஆற நாளாகும். ஆறிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தில் ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. உனக்காக என்று சொல்லித்தானே மேசையை விட்டு எழுந்தாய்? பிறகு ஏன் இன்னொருவன் பேருக்குக் கேக் போடுகிறாய்?

அப்பா


தெமோதரை
28.05.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம் விசாரிக்கிறதை எல்லாம் கடைசியில எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடணும்.

உங்க கடிதத்தை ஷம்ராவுக்கும் வாசிச்சுக் காட்டினேன். கையில இருந்த கரண்டியை வெச்சிட்டு, "ஒங்கட வாப்பா கேட்டது சரிதானே"ன்னா. நான் கொப்பியைத் திறந்து கணக்குப் பாக்க உக்காந்துட்டேன்.

வெள்ளி, சனி ரெண்டு நாளும் வேக வெச்சோம். ஒரு தடவைக்கு ரெண்டு அடுக்குதான் அடுப்புக்குள்ள போகும். பதினேழு தடவை. கொப்பியில ஒவ்வொண்ணா கோடு போட்டு வெட்டிக்கிட்டே வந்தேன். முடிஞ்சதும் ஷம்ரா, "இன்னும் நாலு போடு புள்ள, மேல வர்ற நிறத்துல, பெருசா. கையில ஈக்கட்டும்"ன்னா. எனக்குக் கால் நிக்கல. சண்டை போட்டுட்டுத்தான் போட்டேன். இன்னைக்கு அதுக்காக அவ காலைத் தொட்டாலும் தகும்.

ஞாயித்துக்கிழமை காலையில வேன்ல கிளம்பினோம். மூணு தட்டும் மூணு பெட்டியில, கீழ மெத்தை போட்டு. தெமோதரை தாண்டி ஒரு வளைவுல எதிர்ல பஸ் வந்திச்சு. டிரைவர் அடிச்ச பிரேக்குல நடுப்பெட்டி நகர்ந்து கதவுல இடிச்சிச்சு. திறந்து பாத்தா, நடுத்தட்டுல ஒரு பக்கம் மேல நாலு அடுக்கு பிளந்து சரிஞ்சு கிடக்கு. நான் ரோட்டு ஓரத்துல உக்காந்துட்டேன். அழுகை கூட வரல. ஷம்ரா பெட்டியை மூடிட்டு, "நாலுதானே? நம்மகிட்ட நாலு ஈக்கி. ஏறு வேனுல"ன்னா.

ஹோட்டல் பின் கேட் வழியா உள்ள போனோம். கிச்சன்ல பத்து அடுப்பு எரியுது, பட்டர் ஐசிங் கையிலேயே உருகுது. அங்க கட்டவே முடியாது. மண்டபம் குளுகுளுன்னு இருந்திச்சு. அங்க வெச்சுத்தான் செய்யணும்னு சொன்னோம். மேனேஜர் முடியவே முடியாதுன்னாரு. "ஆளுங்க வந்துருவாங்க. நீங்க கண்ணுல படக்கூடாதுன்னுதானே பேச்சு?"

ஷம்ரா, "அப்ப ரெண்டு தட்டை மட்டும் வெச்சு கல்யாணத்தை நடத்துங்க சேர்"ன்னு சொல்லிட்டுக் கையைத் துடைச்சா. அவர் வாட்ச்சைப் பாத்தாரு. விட்டுட்டாரு.

மண்டபத்து நடுவுல, வெள்ளை விரிப்பு போட்ட மேசையில நின்னு செஞ்சோம் அப்பா. உடைஞ்ச நாலையும் கத்தியால எடுத்துட்டு புதுசா நாலை அளவுக்கு வெட்டி வெச்சு, ஐசிங் பூசி, மட்டம் பாத்து. ஆளுங்க நேரத்தோட வந்துட்டாங்க. பட்டுச் சேலை, கோட்டு சூட்டு. எங்களைச் சுத்தி வட்டமா நின்னுட்டாங்க. எங்க ரெண்டு பேர் உடுப்புலயும் மா. நான் ஐசிங் பூசுறதை விட்டுட்டு அவங்களையே பாத்தேன். ஷம்ரா யாருக்கும் கேக்காம, "விது, அவங்களைப் பாக்காத. கேக்கைப் பாரு"ன்னா. மூணு தட்டையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏத்தி நாங்க கையை எடுத்ததும் யாரோ கை தட்டினாங்க. அப்புறம் எல்லாரும்.

பொண்ணோட அம்மா கிட்ட வந்து, "யாரும்மா நீங்க?"ன்னு கேட்டாங்க. மேனேஜர் குறுக்க வந்து, "எங்க கிச்சன் ஆளுங்க மேடம்"னு சிரிச்சாரு.

வாயைத் திறந்தது ஷம்ரா இல்லப்பா, நான். எப்படி வந்துச்சுன்னு தெரியல. "இல்ல மேடம். நாங்க இந்த ஹோட்டல் ஆளுங்க இல்ல. இவ ஷம்ரா, பதுளை. நான் விதுஷா, தெமோதரை தோட்டம். முப்பத்து மூணு அடுக்கும் நாங்க ரெண்டு பேரும் போட்டது."

அந்தம்மா மேனேஜரைப் பாத்தாங்க, எங்களைப் பாத்தாங்க. அப்புறம் பேனா வாங்கி, மேசையில இருந்த ஒரு அட்டையை என் பக்கம் தள்ளி, "ரெண்டு பேர் பேரையும் எழுதி கேக்குக்கு முன்னால வைம்மா"ன்னாங்க. நான் எழுதினேன். உட்கார நாற்காலியும் போடச் சொன்னாங்க. முன் வரிசையில.

வெட்டினதும் பொண்ணு அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டிச்சு. ஒருத்தர் சத்தமா எண்ண ஆரம்பிச்சாரு. எல்லாரும் சேர்ந்து எண்ணினாங்க. பத்து, பதினொண்ணு! நான் அழுதுட்டேன். ஷம்ரா அழல. "பாத்தியா, ஒரு கோடும் தடிப்பில்ல"ன்னா.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த ஹோட்டல் அடுத்த மாசத்துக்குச் சொல்லியிருந்த ரெண்டு ஆர்டரையும் வேணாம்னுட்டாங்க. அன்னைக்கு வந்தவங்கள்ல மூணு பேர் எங்களுக்கே நேரா பேசியிருக்காங்க. மிச்சம் போகப் போகத் தெரியும்.

நீங்க கேட்டதுக்கு இதுதான் என் பதில். கொஞ்சம் தாமதமா வந்திச்சு.

நாங்க சுகம். நீங்க சுகமா? அம்மா இந்தக் கதையை மலையில பத்துப் பேருக்குச் சொல்லி, இப்ப அதுல அடுக்கு நாப்பத்தஞ்சு ஆயிடுச்சு.

உங்கள் மகள்
விதுஷா


வவுனியா
15.06.2025

என் மகள் விதுஷாவுக்கும், மகள் ஷம்ராவுக்கும் அப்பா இராசையா எழுதுவது.

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும், ரெங்கம்மாவும், லத்தீப் நானா வீட்டாரும் நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்த நேரம் மேசன்மார் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தார்கள். நின்றபடியே வாசித்தேன். பிறகு அவர்களுக்குச் சத்தமாக வாசித்தேன். பஸ் வந்த இடத்தில் ஒருவன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "இல்ல மேடம்" என்ற இடம் வந்ததும் கடிதத்தை நீட்டிவிட்டேன். மிச்சத்தை நிமலன் வாங்கி வாசித்தான். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு மாஸ்டரிடம் போனேன். "மாஸ்டர், என் மகள் ஆபிஸில் இல்லை. நான் சொன்னது தவறு" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் மனைவியையும் கூப்பிட்டு வாசித்தார். என் மனசும் ஆறிவிட்டது. இப்போது எழுதலாம், பொய் இல்லை.

விதுஷா, நான் உனக்கு நாற்காலி வேண்டும் என்று மட்டும்தான் ஆசைப்பட்டேன். நின்றுகொண்டே இருந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? அத்தனை பேருக்கு நடுவில் நின்று உன் பேரைச் சொல்லுவாய் என்று நினைக்கவும் எனக்குத் தெரியவில்லை.

ஷம்ரா மகளே, பிளந்த கேக்கைப் பார்த்ததும் பெட்டியை மூடி "ஏறு வேனுல" என்றாயே. அந்த ஒரு வார்த்தைக்காக நீயும் இந்த வீட்டுப் பிள்ளை.

ஆவணியில் நிமலன் வீட்டுக்குக் குடி புகுகிறோம். ஒரு கேக் வேண்டும். முப்பத்து மூன்று வேண்டாம், பதினொன்று போதும். உங்கள் இருவர் பேரும் எல்லோருக்கும் தெரியும்படி மேலே இருக்க வேண்டும். லொறியில், பார்சலில் எல்லாம் அனுப்ப வேண்டாம். நானே தெமோதரைக்கு வந்து, உங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு, கேக்கை என் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருவேன். பக்கத்து சீட்டில் இருக்கிறவன் யார் செய்தது என்று கேட்டால் எனக்குக் காது கேட்காது. அதனால் அவன் கேட்க முன்னமே சொல்லிவிடுவேன்.

அன்புடன்
அப்பா